ஒரு முழ அகலம், மூன்றரை முழ நீளம்: மல்லிகை மொட்டுக் கரை வைத்த குரோஷா சால்வை

எங்கள் வீட்டில் எதை அளந்தாலும் முழம்தான். அம்மா மதுரைத் தெப்பக்குளத்துப் பக்கம் பூ விற்றவர். விடியும் முன்பே வந்துவிடும் மல்லிகை மொட்டை நானும் அக்காவும் ஆளுக்கு நாலைந்து முழம் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்குத் தலை சீவுவோம். "இங்கிட்டு ரெண்டு, அங்கிட்டு ரெண்டு வைய்யி. நாரை இறுக்குனா காம்பு முறியும், தளர விட்டா மொட்டு உதிரும்" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பார். எட்டாம் வகுப்புத் தையல் பீரியடில் டீச்சர் கொக்கி முனையுள்ள குரோஷா ஊசியைக் கையில் கொடுத்தபோது, நூல் பிடிப்பதை மட்டும் எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. நூல் எவ்வளவு இழுபட வேண்டும், எங்கே விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதை விரல் ஏற்கெனவே நாரில் படித்திருந்தது. பூக்கட்டத் தெரிந்தவர்களுக்கும், வயர்க் கூடையில் சிவன்கண் போடத் தெரிந்தவர்களுக்கும் குரோஷாவில் பாதி வந்தாகிவிட்டது.

எனக்கு இப்போது 61 வயது. கார்த்திகை தீபம் முடிந்த மறுநாள் எதிர்வீட்டு மருமகள் வந்தாள். "பெரியம்மா, தெப்பத் திருவிழாவுக்குள்ள எனக்கு ஒரு சால்வை போடக் கத்துக் குடுங்க" என்றாள். அதுவரை அவள் குரோஷா ஊசியைத் தொட்டதே இல்லை. தெப்பம் நடக்கிற தைப் பௌர்ணமிக்கு ஒரு வாரம் இருக்கும்போதே முடித்துவிட்டாள். அவளுக்குத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

மதுரை வெயிலுக்குச் சால்வை எதற்கு என்று கேட்பவர்கள் ராத்திரி ரயிலில் ஏசி பெட்டியில் சென்னைக்குப் போய்ப் பார்த்தால் தெரியும். என் மகள் ஆபீசில் நாள் முழுக்க ஏசிக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறாள். மார்கழியில் வாசல் தெளித்துக் கோலம் போடும் நேரத்துக்கு, தெப்பத்தன்று குளத்துப் படியில் காற்று வீசும்போது, கொடைக்கானலுக்கு ஒரு நாள் போய்வர, தோளில் ஒரு துணி வேண்டித்தான் இருக்கிறது. ஆனால் அது கனமாக இருக்கக் கூடாது. ஓட்டை ஓட்டையாக, காற்றும் புக வேண்டும், கொஞ்சம் கதகதப்பும் தர வேண்டும். அதற்குப் பருத்தி நூலில் போட்ட வலைப் பின்னல் போல எதுவும் வராது. அக்ரிலிக் உல்லன் விலை குறைவு, நிறமும் பளிச்சென்று இருக்கும். நம் ஊர் வியர்வைக்கு அது கழுத்தில் ஒட்டிக்கொண்டு அரிக்கும். சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் உருகும். நான் யாருக்கும் அதைச் சொல்வதில்லை.

முதல் சால்வையை முக்கோணமாகப் போடச் சொல்பவர்கள் உண்டு. நான் நீள்சதுரம்தான் சொல்லித் தருவேன். சேலை, தாவணி, துப்பட்டா, மேல்துண்டு எல்லாமே நமக்கு நீள்சதுரம். தோளில் போட்டால் எப்படி விழும் என்று கைக்குத் தெரியும். அதைவிடப் பெரிய காரணம், நீள்சதுரத்தில் எல்லா வரிசையும் ஒன்றுதான். முதல் வரிசையில் 25 என்றால் நூற்றைம்பதாவது வரிசையிலும் 25. எண்ணிக்கை மாறினால் அந்த இடத்திலேயே பிடிபட்டுவிடும். முக்கோணத்தில் வரிசைக்கு வரிசை கூடிக்கொண்டே போகும்போது தப்பு எங்கே நுழைந்தது என்று புதிதாகப் பழகுபவருக்குத் தெரியாது.

நூல் வாங்கும்போது தடிமனைப் பாருங்கள். இடியாப்ப இழை அளவு இருக்க வேண்டும். லேபிளில் 100 கிராமுக்கு 200 முதல் 230 மீட்டர் என்று போட்டிருந்தால் அதுதான் நமக்கான நூல். மெல்லிய குரோஷா நூலில் போட்டால் அழகாக வரும், ஆனால் புதுக்கை சலித்துப்போய் நடுவிலேயே வைத்துவிடும். சால்வையின் உடலுக்கு 250 கிராமுக்குக் கொஞ்சம் குறைவாகவே பிடிக்கும், கரைக்கு 50 கிராம் வரை போகும். உடலுக்கு 300, கரைக்கு வேறு நிறத்தில் 100 என்று ஒரே நாளில் வாங்கிவிடுங்கள். லேபிளில் சாய எண் இருக்கும். எல்லாப் பந்திலும் அந்த எண் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். பத்து நாள் கழித்துப் போய் அதே பச்சையைக் கேட்டால் கொஞ்சம் வேறு பச்சைதான் கிடைக்கும், பின்னிய பிறகு கோடு போட்ட மாதிரி தெரியும். ஊசி 4 மில்லிமீட்டர், அலுமினியம் போதும். இன்னொன்று 4.5 இருந்தால் நல்லது, எதற்கென்று பிறகு சொல்கிறேன். நூல் முனைகளைச் செருக மொட்டை முனையுள்ள தடித்த ஊசி ஒன்று, கத்தரிக்கோல், டேப். நான் எல்லாம் விளக்குத்தூண் பக்கமும், புதுமண்டபத்துக் கடைகள் மாறிப்போன குன்னத்தூர் சத்திரத்திலும்தான் வாங்குகிறேன்.

சாயத்தை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். மகளுக்கு நான் போட்ட முதல் சால்வை அரக்கு நிற உடல், சந்தன நிறக் கரை. கடைக்காரர் சாயம் போகாது என்று அடித்துச் சொன்னார். முதல் தண்ணீரிலேயே கரை முழுக்க இளஞ்சிவப்பாகிவிட்டது. ஒரு மாத வேலை. அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சுங்குடிச் சேலை கட்டிப் பழகிய நமக்கு, முதல் இரண்டு மூன்று தண்ணீரைத் தனியாக அலச வேண்டும் என்று தெரியும். நூலுக்கும் அதே புத்தி வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இப்போதெல்லாம் ஒரு சாண் நூலை வெட்டி, வெந்நீரில் நனைத்து, வெள்ளைத் துணிக்குள் வைத்துப் பிழிந்து பார்க்கிறேன். துணியில் நிறம் ஏறினால் அந்த நூலை ஒரே நிறச் சால்வைக்கு ஒதுக்கிவிடுவேன்.

எதிர்வீட்டுப் பெண் எடுத்தது இலைப்பச்சை உடல், வெள்ளைக் கரை. மல்லிகைக்கு அதுதான் பொருத்தம் என்று அவளே சொன்னாள்.

இனி பின்னல். மூன்றே மூன்று தெரிந்தால் போதும்: செயின், சிங்கிள், டபுள். செயின் என்பது ஊசியில் நூலைச் சுற்றி, இருக்கிற கண்ணி வழியாக இழுப்பது. சிங்கிள் என்றால் ஊசியை உள்ளே விட்டு ஒரு கண்ணி இழுத்து வெளியே கொண்டுவர வேண்டும். ஊசியில் இரண்டு கண்ணி இருக்கும். நூலைச் சுற்றி இரண்டின் வழியாகவும் ஒரே இழுப்பு. டபுளுக்கு முதலிலேயே நூலை ஊசியில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு உள்ளே விடுங்கள். ஒரு கண்ணி இழுத்தால் ஊசியில் மூன்று நிற்கும். நூலைச் சுற்றி முதல் இரண்டின் வழியாக இழுங்கள். மறுபடி சுற்றி மீதி இரண்டின் வழியாக இழுங்கள். இதுதான் டபுள், சிங்கிளைவிட உயரமாக நிற்கும். இவற்றோடு, ஒரு கண்ணியைப் பக்கத்துப் பின்னலோடு ஒட்டவைக்க ஊசியை உள்ளே விட்டு நூலை எல்லாவற்றின் வழியாகவும் ஒரே இழுப்பாக இழுத்துவிடுவது ஸ்லிப்.

பெயரில் ஒரு குழப்பம் இருக்கிறது. பிரிட்டிஷ் முறையில் அச்சான பழைய புத்தகங்களில் நான் சிங்கிள் என்று சொல்வதற்கு டபுள் என்றும், டபுள் என்று சொல்வதற்கு ட்ரெபிள் என்றும் பெயர். அமெரிக்க முறை வீடியோக்களில் நான் சொல்வது போலத்தான் இருக்கும். எந்தப் புத்தகத்தைப் பார்த்தாலும் சிங்கிள் என்ற சொல் வருகிறதா என்று தேடுங்கள். வந்தால் அது அமெரிக்க முறை.

இந்தச் சால்வையின் உடல் முழுக்க ஒரே வேலைப்பாடு. ஒரே ஓட்டையில் ஒரு டபுள், ஒரு செயின், மறுபடி ஒரு டபுள். கீழே ஒன்றாக ஊன்றி மேலே இரண்டாகப் பிரிந்து நிற்கும். புத்தகத்தில் இதை வி பின்னல் என்பார்கள். எதிர்வீட்டுப் பெண் பார்த்த உடனே "இது கவட்டை மாதிரில்ல இருக்கு" என்றாள். பையன்கள் மாங்காய் அடிக்க வைத்திருக்கும் அதே கவட்டைதான். அன்றிலிருந்து எங்கள் திண்ணையில் அதற்குக் கவட்டை என்றே பெயர் நிலைத்துவிட்டது. இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

சால்வையை ஆரம்பிக்கும் முன் ஒரு சின்னத் துண்டு பின்னிப் பாருங்கள். 28 செயின் போட்டால் எட்டுக் கவட்டை வரும், எட்டு வரிசை பின்னுங்கள். வரிசை போடும் முறை கீழே வருகிறது. அகலம் 15, 16 சென்டிமீட்டர் வந்தால் உங்கள் கை சரி. 13தான் வருகிறது என்றால் நூலை இறுக்குகிறீர்கள், 4.5 ஊசிக்கு மாறுங்கள். 18 வந்தால் 3.5 ஊசி. இதைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் பாதியில் வந்து, பெரியம்மா அகலம் பத்தவில்லை என்கிறார்கள். எத்தனை கவட்டை வேண்டுமோ அதை மூன்றால் பெருக்கி நாலு கூட்டினால் ஆரம்பச் செயின் எண்ணிக்கை வரும். கவட்டையை ஒற்றைப்படையாக வைத்துக்கொள்ளுங்கள், 23, 25, 27 என்று. அப்போதுதான் கரையில் பிறகு போடப்போகிற விசிறிப் பின்னல் கணக்காக உட்காரும்.

நாம் போடப்போவது 25 கவட்டை. 25 மூன்று 75, நாலு கூட்டினால் 79. இந்த 79 செயினை மட்டும் 4.5 ஊசியில் போடுங்கள். புதுக்கை செயினை எப்போதும் இறுக்கும், அடிவரிசை சுருங்கி மேலே போகப் போக விரியும், சால்வை விசிறி மட்டை மாதிரி ஆகிவிடும். பெரிய ஊசியில் போட்டால் அந்தத் தொல்லை இல்லை. இருபது செயினுக்கு ஒருமுறை வேறு நிற நூல் துண்டு ஒன்றை அடையாளத்துக்குச் செருகினால் முதலிலிருந்து எண்ண வேண்டியதில்லை.

முதல் வரிசைக்கு 4 மில்லிமீட்டர் ஊசிக்கு வந்துவிடுங்கள். ஊசியிலிருந்து எண்ணி ஐந்தாவது செயினில் முதல் கவட்டை. விட்டுவிட்ட நாலில் மூன்று செயின் ஓரத்து டபுளுக்குச் சமம், ஒன்று இடைவெளி. பிறகு இரண்டு செயின் விட்டு மூன்றாவதில் அடுத்த கவட்டை. இப்படியே போனால் 25 கவட்டை முடிந்ததும் கடைசியில் இரண்டு செயின் மீதி இருக்கும். ஒன்றை விட்டு, கடைசிச் செயினில் ஒரே ஒரு டபுள். மீதி இரண்டு வரவில்லையென்றால் எங்கோ எண்ணிக்கை தப்பியிருக்கிறது. பிரித்துவிடுங்கள். முதல் வரிசையைப் பிரிப்பது பத்து நிமிட நஷ்டம்தான்.

இரண்டாவது வரிசையிலிருந்து கடைசி வரை ஒரே பாடம். மூன்று செயின் போட்டுத் துணியைத் திருப்புங்கள். அந்த மூன்று செயின்தான் ஓரத்து டபுள். கீழே தெரிகிற ஒவ்வொரு கவட்டையின் நடுவிலும், அதாவது அந்த ஒரு செயினுக்குக் கீழே இருக்கிற ஓட்டையில், ஒரு கவட்டை. 25 முடிந்ததும் கீழ்வரிசையின் மூன்று செயின் உச்சியில் ஒரு டபுள். திருப்புங்கள், மறுபடி அதே.

இந்தக் கடைசி டபுளைப் பற்றித்தான் நான் அதிகம் பேசப் போகிறேன். ஏனென்றால் சால்வை கெட்டுப்போவது இந்த ஓரிடத்தில்தான். மூன்று செயினின் உச்சி, பார்வைக்குப் பின்னல் மாதிரியே தெரியாது. சுருண்டு, ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, வெறும் முடிச்சு போல இருக்கும். புதிதாகப் பின்னுபவர் கடைசிக் கவட்டையோடு வரிசை முடிந்தது என்று திருப்பிவிடுவார். அடுத்த வரிசையில் பிடிமானம் இல்லாமல் ஓரக் கவட்டையும் நழுவும். எதிர்வீட்டுப் பெண் நாலாவது நாள் கொண்டுவந்து காட்டினாள். "பெரியம்மா, நேராத்தான் போடுறேன், ஆனா இங்கிட்டு உள்ள இழுக்குது" என்றாள். எண்ணினோம். 25 போட்டவள் 22இல் வந்து நின்றிருந்தாள். பத்து வரிசை பிரித்தோம். பிரிக்கும்போது அவள் கண் கலங்கியது, எனக்கும் மனசு கேட்கவில்லை. ஆனால் பிரிக்காமல் விட்டால் அந்தச் சரிவு சால்வை உள்ளவரை கண்ணை உறுத்தும்.

அதன் பிறகு அவளுக்கு ஒரு வழி செய்து கொடுத்தேன். திருப்பும்போது போடுகிற மூன்று செயினில், மூன்றாவது செயினைப் போட்ட கையோடு அதில் வெள்ளை நூல் துண்டு ஒன்றைக் கோத்துவிடுவது. அடுத்த வரிசை முடிவில் அந்த வெள்ளை நூல் எங்கே இருக்கிறதோ அங்கேதான் கடைசி டபுள். போட்டதும் நூலை உருவி அடுத்த திருப்பத்துக்கு வைத்துக்கொள்ளலாம். இரண்டு ஓரத்துக்கும் இரண்டு துண்டு போதும். பதினைந்து இருபது வரிசை போனதும் கண்ணே அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிடும், துண்டு தேவைப்படாது. ஆனாலும் வரிசை முடிவில் 25 எண்ணுவதை நிறுத்தாதீர்கள். நான் இன்றைக்கும் எண்ணுகிறேன்.

இன்னொரு தப்பும் வரும். கவட்டையின் நடு ஓட்டையில் விடாமல், இரண்டு கவட்டைக்கு நடுவிலுள்ள சந்தில் ஊசியை விட்டுவிடுவது. கண்ணுக்கு இரண்டும் ஓட்டையாகவே தெரியும். நடு ஓட்டைக்கு மேலே செயின் ஒன்று கூரை மாதிரி கிடக்கும்; சந்துக்குக் கூரை இருக்காது. கூரை இருக்கிற ஓட்டையில் மட்டும் விடுங்கள்.

பந்து தீர்ந்து அடுத்ததை இணைக்கும்போது முடிச்சுப் போடாதீர்கள். பருத்தி முடிச்சு தோளில் உறுத்தும், துவைக்கத் துவைக்க அவிழும். இணைப்பை எப்போதும் வரிசையின் ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வரிசையின் கடைசி டபுளில் ஊசியில் இரண்டு கண்ணி மீதி இருக்கும்போது பழைய நூலை விட்டுப் புது நூலால் இழுத்து முடித்துவிட்டால் வேலை நடந்துகொண்டே இருக்கும். இரண்டு நூலிலும் 15 சென்டிமீட்டர் வால் விட்டுவையுங்கள். பிறகு அது கரைக்குள் மறைந்துவிடும். மிச்சப் பந்து ஒரு வரிசைக்குக் காணுமா என்று சந்தேகமா? ஒரு வரிசைக்கு ஏறக்குறைய மூன்றரை மீட்டர் நூல் வேண்டும். நாலு மீட்டருக்குக் குறைவாக இருந்தால் புதுப் பந்தை எடுத்துவிடுங்கள்.

ஒரு வரிசைக்குப் புதுக்கை பத்து நிமிடம் எடுக்கும். நாளுக்கு ஐந்து வரிசை, முப்பது நாளில் 150. அந்த 150 வரிசை 160 சென்டிமீட்டரை ஒட்டி வரும், கிட்டத்தட்ட மூன்றரை முழம். அகலம் ஒரு முழம். டேப்பைவிட எனக்கு அப்படிச் சொன்னால்தான் மனசில் நிற்கிறது. அவள் மத்தியானம் குழந்தை தூங்கும் நேரத்தில் மூன்றும், ராத்திரி பாத்திரம் கழுவிய பிறகு இரண்டுமாகப் போட்டாள். கை ஈரமாக இருக்கும்போது எடுக்காதீர்கள், நூல் இறுகும்.

உடல் முடிந்ததும் இலைப்பச்சை நூலை வெட்டிக் கண்ணிக்குள் இழுத்துவிடுங்கள். கரைக்கு வருவோம். எனக்கு எப்போதுமே இதுதான் ஆசையான இடம். சேலையில் உடல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பார்ப்பவர் கண் கரையில்தானே போய் நிற்கிறது.

கரை மூன்று சுற்று. முதல் சுற்று முழுக்க சிங்கிள், இது அஸ்திவாரம். வெள்ளை நூலை ஒரு மூலையில் இணைத்து, மூலைப் பின்னலில் மூன்று சிங்கிள் போடுங்கள். பிறகு நீளப் பக்கம். இங்கே பின்னலின் தலை தெரியாது, வரிசைகளின் ஓரம்தான் இருக்கும். ஓரத்து டபுளையே தூணாகப் பிடித்து, ஒவ்வொரு வரிசைக்கும் இரண்டு சிங்கிள். 150 வரிசைக்கு 300 வரும். ஆனால் நமக்கு வேண்டியது 297. ஆகவே நாற்பதாவது, எண்பதாவது, நூற்றிருபதாவது வரிசைகளில் இரண்டுக்குப் பதில் ஒன்று மட்டும் போடுங்கள். யார் கண்ணுக்கும் தெரியாது. அடுத்த மூலையில் மூன்று. பிறகு அடிச் செயினின் மறுபக்கத்தில் செயினுக்கு ஒன்றாக 75. மூலையில் மூன்று. மறுபடி நீளப் பக்கம் 297. மூலையில் மூன்று. மேல் வரிசையில் கவட்டைக்கு மூன்றாக, ஒவ்வொரு டபுளிலும் ஒன்று, நடு ஓட்டையில் ஒன்று, 75. முதல் சிங்கிளில் ஸ்லிப் போட்டு மூடுங்கள். கூட்டிப் பாருங்கள், 756. ஆறால் வகுத்தால் 126, மிச்சமில்லை. உங்கள் சால்வை நீளம் கூடக் குறைய இருந்தால், நீளப் பக்கத்துச் சிங்கிளை மூலையின் மூன்றைச் சேர்க்காமல் எண்ணி, அதோடு மூன்று கூட்டி, ஆறால் வகுபடுகிற மாதிரி சரிசெய்துகொள்ளுங்கள். இந்தக் கணக்கு ஒத்து வந்த பிறகே இரண்டாவது சுற்றைத் தொடுங்கள்.

இரண்டாவது சுற்று விசிறி. மூலையில் போட்ட மூன்று சிங்கிளில் நடுவில் உள்ளதற்கு ஸ்லிப் போட்டு நகர்ந்து வாருங்கள். மூன்று செயின், அதே இடத்தில் ஆறு டபுள். செயினையும் சேர்த்து ஏழு, இது மூலை விசிறி. இரண்டு சிங்கிள் விட்டு மூன்றாவதில் ஒரு சிங்கிள். இரண்டு விட்டு மூன்றாவதில் ஐந்து டபுள். இரண்டு விட்டு மூன்றாவதில் ஒரு சிங்கிள். விசிறி, பள்ளம், விசிறி, பள்ளம் என்று போய் அடுத்த மூலையின் நடுச் சிங்கிளில் சரியாக ஏழு டபுள் விசிறி வந்து விழ வேண்டும். மூலையில் ஐந்தே போட்டால் துணி உள்பக்கமாக மடங்கும். சுற்று முடிந்ததும் மூன்று செயின் உச்சியில் ஸ்லிப். எண்ணினால் 126 விசிறி: குறுக்கே இரண்டு பக்கத்துக்கும் பன்னிரண்டு பன்னிரண்டு, நீளத்தில் நாற்பத்தொன்பது நாற்பத்தொன்பது, மூலைக்கு நாலு.

மூன்றாவது சுற்றில் மொட்டு. விசிறியின் முதல் டபுள் மேல் ஒரு சிங்கிள், இரண்டாவதன் மேல் ஒரு சிங்கிள், நடுவில் இருக்கும் மூன்றாவதன் மேல் ஒரு சிங்கிள் போட்டுவிட்டு நிறுத்துங்கள். இப்போது மூன்று செயின் போடுங்கள். சற்றுமுன் போட்ட சிங்கிளின் தலையைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். தலையில் இரண்டு இழை தெரியும், அதற்குக் கீழே கால் மாதிரி நேராக இறங்கும் இழை தெரியும். உங்கள் பக்கம் இருக்கிற முன்னிழையையும், இடப்பக்கக் காலையும் சேர்த்து ஊசியில் எடுத்து ஸ்லிப் போட்டு இறுக்குங்கள். மூன்று செயினும் சுருண்டு சின்ன மொட்டாக நிமிர்ந்து நிற்கும். காலைச் சேர்க்காமல் தலையிழையில் மட்டும் போட்டால் மொட்டு ஒரு பக்கம் சாயும். நான் பத்து வருஷம் சாய்ந்த மொட்டாகவே போட்டுக்கொண்டிருந்து, பிறகுதான் இந்த நுணுக்கத்தைக் கண்டுபிடித்தேன். மொட்டு முடிந்ததும் நாலாவது, ஐந்தாவது டபுள் மேல் ஒவ்வொரு சிங்கிள், பள்ளத்தில் உள்ள சிங்கிளில் ஒரு ஸ்லிப். மூலை விசிறியில் மட்டும் மூன்று சிங்கிள், நடுவில் மொட்டோடு ஒரு சிங்கிள், மூன்று சிங்கிள்.

மொட்டுக்குரிய மூன்று செயினை ஒரே அளவு இறுக்கத்தில் போடப் பாருங்கள். அம்மா நாரைப் பற்றிச் சொன்னதுதான் இங்கேயும். இறுக்கினால் மொட்டு கல் மாதிரி ஆகும், தளர்ந்தால் பூத்த பூ மாதிரி விரிந்துவிடும். முதல் பத்து மொட்டு சரியாக வராது, சுற்று முடிந்த பிறகு அந்தப் பத்தை மட்டும் பிரித்துப் போடத் தோன்றும். பிரிக்க வேண்டாம். துவைத்து விரித்ததும் அது தெரியாது.

இனி விரிப்பது. பின்னி முடித்த சால்வை சுருங்கிக் கசங்கி, கரை நெளிந்து, பார்க்க மனசுக்கு ஒவ்வாமல் இருக்கும். பயப்படாதீர்கள். நூல் வால்களை எல்லாம் மொட்டை ஊசியால் கரைக்குள் செருகி, முன்னும் பின்னுமாக இருமுறை ஓட்டி வெட்டுங்கள். பச்சைத் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவையுங்கள். முறுக்கிப் பிழியாதீர்கள், உள்ளங்கையால் அழுத்தித் தண்ணீரை எடுத்து, தேங்காய்ப்பூத் துண்டில் வைத்துச் சுருட்டி மேலே உட்கார்ந்து அழுத்துங்கள். கோரைப்பாய் மேல் பழைய வேட்டியை இரண்டாக மடித்து விரித்து, சால்வையை அதில் போட்டு நாலு மூலையையும் இழுத்துக் குத்துங்கள். பிறகு நடுப்பகுதி, பிறகு ஒவ்வொரு மொட்டுக்கும் ஒரு குண்டூசி. 126 குண்டூசி என்றால் மலைப்பாக இருக்கும், ஆனால் இந்த அரைமணி நேரத்தில்தான் சால்வை சால்வையாகிறது. துருப்பிடிக்காத ஸ்டீல் குண்டூசியா என்று பார்த்து வாங்குங்கள். ஈரத்தில் சாதா ஊசி விட்ட துருப்புள்ளி வெள்ளை நூலை விட்டுப் போகவே போகாது.

வெயிலில் காயவைக்க வேண்டாம், பச்சை வெளுத்துவிடும். நிழலில் மின்விசிறிக் காற்றிலேயே மறுநாளைக்குள் காய்ந்துவிடும். டிவிக்கு மேலே போடுகிற குரோஷா விரிப்புக்கெல்லாம் நான் சோற்றுக் கஞ்சி போடுவேன், விறைப்பாக அழகாக நிற்கும். சால்வைக்குப் போடாதீர்கள். அது தோளில் குழைந்து விழ வேண்டும். முழுக்கக் காயும் முன் ஒரு ஊசியைக்கூட எடுக்கக் கூடாது. எதிர்வீட்டுப் பெண் அன்று சாயங்காலம் மூன்று முறை வந்து தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். மறுநாள் காலையில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து ஊசியை எடுத்தோம். ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க மொட்டு நின்ற இடத்திலேயே நின்றது. இலைக்கு வெளியே மொட்டு எட்டிப் பார்க்கிற மாதிரியே இருந்தது.

துவைக்கும்போது கையால், தனியாக. மெஷினில் போட்டே ஆக வேண்டுமென்றால் தலையணை உறைக்குள் வைத்து வாயைக் கட்டிப் போடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் நீண்டுகொண்டே போகும், அதனால் எப்போதும் படுக்கைவாக்கில்தான் உலர்த்த வேண்டும். பீரோவில் ஹேங்கரில் மாட்டாமல் மடித்து, பழைய பருத்திச் சேலைத் துண்டில் சுற்றி வையுங்கள். வளையலிலோ கொக்கியிலோ மாட்டி ஒரு மொட்டு அவிழ்ந்தால் நூலை வெட்டிவிடாமல், மிச்சம் வைத்த வெள்ளை நூலில் தேவையான அளவு எடுத்து அந்த விசிறியை மட்டும் மறுபடி போட்டு, வாலைச் செருகிவிடலாம். அதற்காகக் கரை நூலில் கொஞ்சத்தைச் சால்வையோடு சேர்த்தே மடித்து வைத்திருங்கள்.